துஷ்டி வீட்டில் கிறிஸ்துமஸ்: டிசம்பர்தோறும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவள் நான். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். 2016 நவம்பரில் என் கணவரை அடக்கம் பண்ணினோம். ஐந்து வாரம் கழித்துக் கிறிஸ்துமஸ் வந்தது. அந்த டிசம்பரில் யாரிடமாவது கேட்க வேண்டும் என்று நான் தவித்த கேள்விகளையே, பிறகு வந்த டிசம்பர்களில் மற்றவர்கள் என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தோடு துஷ்டி வீடுகளுக்கு, அதாவது சாவு நடந்த வீடுகளுக்கு, போகும்போது வாசல் வரை கூடவே வந்து, தாழ்ந்த குரலில் கேட்பார்கள். நான் ஊழியம் படித்தவள் இல்லை. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இந்த வருஷம் எங்கள் வீட்டில் சாவு. ஸ்டார் போடலாமா, கூடாதா?

போடலாம். போடாமலும் இருக்கலாம். வேதத்தில் இதற்கு ஒரு சட்டமும் இல்லை. "ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது" என்பது நம் ஊர் வழக்கம். மதம் பார்க்காமல் தமிழர் வீடுகள் பலவற்றில் இருக்கிற வழக்கம் அது. துஷ்டி வீட்டில் முறுக்குப் பிழிய மாட்டார்கள், முந்திரிக்கொத்து சுட மாட்டார்கள், புதுத்துணி எடுக்க மாட்டார்கள். சொந்தக்காரர்கள்தான் தூக்குவாளியில் பலகாரம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள்.

இந்த வழக்கத்தை நான் மூடநம்பிக்கை என்று தள்ள மாட்டேன். "இந்த வருஷம் நீ சிரிக்க வேண்டாம், விருந்தாளிகளைக் கவனிக்க வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஊர் சொல்கிற முறை அது. பெரிய இரக்கம் அதற்குள் இருக்கிறது. அதையே கட்டாயமாக்கி, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டை டிசம்பர் முழுக்க இருட்டிலே வைக்கும்போதுதான் தப்பாகிறது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்டார் வேண்டாம் என்று என் மாமியார் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்கள். மகனைப் பறிகொடுத்த தாய். எதிர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. 24-ஆம் தேதி ராத்திரி என் இளைய மகன் பழைய காகித ஸ்டாரை எடுத்து, தெருவுக்குத் தெரியாதபடி உள் அறை ஜன்னலில் கட்டினான். அவன் அப்பா கடைசி இரண்டு மாதமும் படுத்திருந்த அறை அது. மாமியார் பார்த்தார்கள், ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சாயங்காலம் இருட்டினதும் அவர்களே கூப்பிட்டு, "மக்கா, அந்த லைட்டைப் போடு" என்றார்கள்.

வீட்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி துக்கப்பட மாட்டார்கள். ஒருவருக்கு வெளிச்சம் உறுத்தும், இன்னொருவருக்கு இருட்டு பயமாக இருக்கும். இரண்டு பேருக்கும் இடம் கிடைக்கிற ஒரு ஜன்னல் வீட்டில் எங்கேயாவது இருக்கும்.

கேரல் பார்ட்டி எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. ரொம்ப வலிக்கிறது. இது சரிதானா?

மரியாதை என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். துஷ்டி வீட்டுப் பக்கம் வரும்போது டிரம்மை நிறுத்திவிட்டு, மெதுவாகக் கடந்துபோவார்கள். அந்த மௌனம் கதவுக்கு உள்ளே இருப்பவருக்கு எப்படிக் கேட்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

முன்கூட்டியே சபை செயலாளரிடம் சொல்லிவிடுங்கள்: "எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். டிரம் வேண்டாம், தாத்தா வேஷம் வேண்டாம். ஒரு பாட்டு பாடி ஜெபம் பண்ணிவிட்டுப் போங்கள்." கேரல் பொறுப்பில் இருக்கிற தம்பிமார்களே, நீங்களாக முடிவு செய்யாதீர்கள். முந்தின நாளே ஒருவர் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

கிறிஸ்துமஸ் மகிழ்ச்சியின் பண்டிகை. அழுகிற வீட்டுக்கு அதில் என்ன பங்கு?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

நம் சபைகளில் பிள்ளைகள் போடும் கிறிஸ்துமஸ் நாடகத்தை நினைத்துப் பாருங்கள். தலையில் துண்டு கட்டின மேய்ப்பர்கள், ஜிகினா ஒட்டின கிரீடத்தோடு மூன்று சாஸ்திரிகள், பொம்மையை மடியில் வைத்த மரியாள். எல்லாரும் முழங்கால் போடுகிறார்கள், திரை விழுகிறது. சுவிசேஷம் எழுதின மத்தேயு அங்கே திரை போடவில்லை. அதே இரண்டாம் அதிகாரத்தில், சாஸ்திரிகள் திரும்பிப் போன கையோடு, யோசேப்பு ராத்திரியோடு ராத்திரியாகத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிறார். ஏரோது பெத்லகேமிலும் சுற்றுப்புறத்திலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்கிறான். அந்தத் தாய்மார்கள் நம் நாடகத்தில் வருவதில்லை. வேதத்தில் வருகிறார்கள்.

மத்தேயு அவர்களுக்காக எரேமியாவிலிருந்து ஒரு வசனத்தை எடுக்கிறார்: "ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது, அவைகள் இல்லாதபடியால் ஆறுதலடையாதிருக்கிறாள்." அந்தக் கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். ஆறுதலடையாதிருக்கிறாள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் இருந்தார்கள், அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்காக அவளை யாரும் கண்டிக்கவும் இல்லை.

என் முதல் கிறிஸ்துமஸ் ராத்திரி இந்த வசனத்தைப் படித்துவிட்டு எரேமியா 31-ஐத் திறந்தேன். மத்தேயு அதன் 15-ஆம் வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறார். எரேமியாவில் அடுத்த இரண்டு வசனமும் ஆறுதல்தான். "நீ அழாதபடி உன் சத்தத்தை அடக்கி" என்று தொடங்கி, "உன் முடிவைப்பற்றி உனக்கு நம்பிக்கையுண்டு" என்று கர்த்தர் சொல்கிறார். வேதம் தெரிந்த மத்தேயுவுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? ஆனாலும் பெத்லகேமின் தாய்மார்களைப் பார்த்து அவர் "அழாதே" என்று எழுதவில்லை. அழுகையை அழுகையாகவே விட்டுவிட்டு, கதையைத் தொடர்கிறார். தப்பித்த அந்தக் குழந்தை வளர்ந்து, சிலுவைக்குப் போய், கல்லறையிலிருந்து எழும்பும்வரைக்கும் அந்த 17-ஆம் வசனம் காத்திருக்கிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். இது என் வாசிப்பு. வேத பண்டிதர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

அந்த ராத்திரி எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: ஆறுதல் அடைந்த பிறகுதான் பெத்லகேமுக்குள் வர வேண்டும் என்று இல்லை. ஆறுதல் அடையாத ஒருத்தி ஏற்கனவே அங்கே இருக்கிறாள்.

லூக்காவிலும் இருக்கிறது. குழந்தையைக் கையில் ஏந்தின சிமியோன் பாடி முடித்த கையோடு மரியாளைப் பார்த்து, "உன் ஆத்துமாவையும் ஒரு பட்டயம் உருவிப்போகும்" என்கிறார். அங்கேயே அன்னாள் இருக்கிறாள். ஏழு வருஷம் புருஷனோடு வாழ்ந்து, பிறகு விதவையாகவே எண்பத்துநாலு வயதை எட்டினவள். கிறிஸ்துமஸ் செய்தியை எருசலேமில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அந்த விதவைதான். அறுபது வருஷம் சபையில் இருந்திருக்கிறேன். அன்னாள் வேஷம் போட்ட ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை.

விசுவாசிகள் அழக்கூடாது, அவர் பரலோகத்தில் இருக்கிறார் என்கிறார்களே?

சொல்கிறவர்கள் பெரும்பாலும் 1 தெசலோனிக்கேயர் 4:13-ஐ மனதில் வைத்துச் சொல்கிறார்கள். அப்போஸ்தலர் பவுல் அங்கே "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத்" துக்கிக்க வேண்டாம் என்கிறார். துக்கிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம்!

லாசருவின் கல்லறைக்கு முன்னால் இயேசு கண்ணீர் விட்டார். அவனை எழுப்பப்போகிறோம் என்று முன்பே சீஷர்களிடம் சொல்லிவிட்டுத்தான் பெத்தானியாவுக்கு வந்தார். இன்னும் சிறிது நேரத்தில் லாசரு நடந்து வருவான் என்று தெரிந்தவருக்கே அழுகை வந்தது. உயிர்த்தெழுதல் எப்போது என்று நாள் தெரியாத நாம் அழுதால் அவிசுவாசமா?

என் கணவரின் அடக்க ஆராதனை முடிந்த அன்றைக்கே ஒருவர் என் கையைப் பிடித்து, "சாட்சியாக இரு அம்மா, அழாதே" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் கல்லாக இருந்தேன். பிறகு மளிகைக் கடையில், அவருக்குப் பிடித்த ரஸ்க் பாக்கெட்டைப் பார்த்து, எல்லார் முன்னாலும் உடைந்துபோனேன். கடைக்காரர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு, மற்றவர்களைக் கவனிக்கப் போய்விட்டார். அந்த மாதம் எனக்குக் கிடைத்த உதவிகளில் அது பெரிது.

கடவுள்மேல் எனக்குக் கோபமாக இருக்கிறது. ஜெபிக்க வாய் வரவில்லை. நான் பின்வாங்கிப்போய்விட்டேனா?

கோபத்தை அவரிடமே சொல்லுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் ஆரம்பிக்கிறது. அது ஜெபம்தான். 88-ஆம் சங்கீதத்தைப் படித்துப் பாருங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பலவும் கடைசியில் எப்படியோ துதிக்கு வந்து சேர்ந்துவிடும். இது சேராது. சிநேகிதர்களை எனக்குத் தூரமாக்கினீர் என்ற குற்றச்சாட்டோடு இருட்டிலேயே முடிகிறது. அதையும் பரிசுத்த வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார்கள்.

சொந்த வார்த்தை வராத நாட்களில் நான் பரமண்டல ஜெபத்தின் முதல் அழைப்போடு நின்றிருக்கிறேன். "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே." அதில் "எங்கள்" என்றுதான் இருக்கிறது. மீதியை எனக்காகச் சபை சொல்லிக்கொண்டிருந்தது.

கிறிஸ்தவ நம்பிக்கை என்றால் சரியாக என்ன? "எல்லாம் சரியாகிவிடும்" என்பதா?

இல்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று வேதம் இந்த வாழ்க்கையைப் பற்றிச் சொல்லவில்லை.

இங்கே மொழியில் ஒரு சின்ன விஷயம் எனக்கு உதவியது. நம் பழைய மொழிபெயர்ப்பில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று மூன்றும் வரும். கத்தோலிக்கச் சகோதரிகள் இப்போது வாசிக்கும் திருவிவிலியத்தில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று வரும். நாம் நம்பிக்கை என்பதை அவர்கள் எதிர்நோக்கு என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் உடன் வேலை பார்த்த ஒரு டீச்சரிடமிருந்துதான் அந்தச் சொல்லைத் தெரிந்துகொண்டேன். எதிர்நோக்கு: வர வேண்டியவர் வரும் வழியைப் பார்த்தபடி நிற்பது. பஸ் ஸ்டாண்டில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாய்க்குச் சந்தோஷம் இருக்க வேண்டும் என்று இல்லை. கால் வலிக்கும், பயமாகக்கூட இருக்கும். ஆனாலும் அந்த இடத்தை விட்டுப் போக மாட்டாள். "காணப்படுகிறதை நம்புகிறது நம்பிக்கையல்ல" என்று பவுல் ரோமருக்கு எழுதினதும் இதைத்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறும் சபைக் காலண்டரில் காத்திருப்பின் காலம்தான். பலிபீடத்தில் ஊதாத் துணி விரித்திருக்கும். டிசம்பர் ஒன்றாம் தேதியே கேக்கும் சீரியல் லைட்டும் வந்துவிடுவதால் நாம் அதை மறந்துபோனோம். துஷ்டி வீட்டுக்காரருக்கு 25-ஆம் தேதியைவிட இந்த நான்கு வாரம்தான் சொந்தம்.

எதை எதிர்நோக்குகிறோம்? ஆவி மட்டும் எங்கேயோ மிதந்துகொண்டிருக்கும் என்பதையல்ல. சரீரம் எழுந்திருக்கும் என்பதை. கிறிஸ்து "நித்திரையடைந்தவர்களில் முதற்பலன்" என்கிறார் பவுல். அறுப்பு தெரிந்த நமக்கு அது புரியும்: முதல் கதிர் களத்துக்கு வந்துவிட்டால் மீதி வயலும் வரும். நம் துக்க போஸ்டர்களில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று போடுகிறோமே, அது வெறும் நாசூக்கு இல்லை. ஆங்கிலக்காரர்கள் கல்லறைத் தோட்டத்துக்குச் சொல்லும் செமெட்ரி என்ற சொல்லுக்கே கிரேக்கத்தில் தூங்கும் இடம் என்றுதான் வேர். தூங்குகிறவரை எழுப்பலாம்.

இன்னொன்றும் எனக்கு முக்கியம். உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளில் ஆணித் தழும்பு இருந்தது. மகிமையின் சரீரத்திலும் காயம் அழியவில்லை. உங்கள் இழப்பை ஒன்றுமே நடக்காத மாதிரித் துடைத்துவிடுவதுதான் கடவுளின் ஆறுதல் என்று நினைக்காதீர்கள். அந்தக் காயத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டவர் தோமா. சென்னையில் சாந்தோமிலும் பரங்கிமலையிலும் நாம் நினைவுகூரும் அதே தோமா. மேலை நாட்டுச் சபைகள் நூற்றாண்டுக்கணக்கில் அவருடைய திருநாளை டிசம்பர் 21-இல் கொண்டாடின. வடகோளத்தில் வருஷத்தின் மிக நீண்ட இரவு அது. இப்போது அங்கே பல சபைகளில் துக்கத்தில் இருப்பவர்களுக்காகவே அந்த நாளையொட்டி "நீண்ட இரவு ஆராதனை" என்று ஒன்று நடத்துகிறார்கள். உரத்த பாட்டு இல்லை. மெழுகுவர்த்தி, வேதவாசிப்பு, அமைதி, அவ்வளவுதான். நம் சபைகளிலும் இது வர வேண்டும் என்பது என் ஆசை. ஒரு புதன்கிழமை சாயங்கால ஜெபக்கூட்டத்தை அதற்கு ஒதுக்கினாலே போதும்.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போக முடியுமா என்று தெரியவில்லை.

போகாவிட்டால் பாவம் இல்லை. போக விரும்பினால் சில யோசனைகள். அதிகாலை நாலு மணி ஆராதனையில்தான் பட்டுப்புடவையும் கூட்டமும். அவரோடு எப்போதும் போனதும் அதற்குத்தான் என்றால், முதல் வருஷம் அதைத் தவிர்த்து, சிறிய ஆராதனை ஏதாவது இருந்தால் அதற்குப் போங்கள். பக்கவாசலை ஒட்டின கடைசி பெஞ்சில் உட்காருங்கள். எழுந்து போக வேண்டியிருந்தால் யாரையும் தாண்ட வேண்டியிருக்காது. பேச்சில்லாத ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போங்கள். பாட்டுத்தான் உடைக்கும், பிரசங்கம் அவ்வளவு உடைக்காது. பாட முடியாவிட்டால் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நில்லுங்கள். ஆசீர்வாதம் முடிந்ததும், கைகுலுக்கல் தொடங்குவதற்குள் வெளியே வந்துவிடலாம். யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் பரவாயில்லை.

நாங்கள் கடலோரத்துக்காரர்கள். எங்களுக்கு டிசம்பர் 25-ஐவிட 26 தான் பாரம்.

தெரியும். இந்த மாவட்டத்தில் அதைச் சொல்லாமல் கிறிஸ்துமஸைப் பற்றி எழுத முடியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. வீடுகளில் குடில் இன்னும் கலைக்கப்படவில்லை. காலையில் சுமத்ரா பக்கம் பூமி அதிர்ந்து, சில மணி நேரத்தில் கடல் ஏறி வந்தது. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் போனார்கள். அதில் 6,000-க்கும் மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில். கிறிஸ்துமஸுக்காக வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்களும் அதில் உண்டு. இங்கே குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி. மொத்தமாக அடக்கம் பண்ணின இடங்களில் இன்றைக்கும் டிசம்பர் 26 அன்று திருப்பலியும் மெழுகுவர்த்தியும் உண்டு.

அந்த நாள் கிறிஸ்துமஸுக்கு வெளியே போய்விட்ட நாள் என்று நினைக்காதீர்கள். திருச்சபைக் காலண்டரில் 26 கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் நாள். 28 பெத்லகேமில் கொல்லப்பட்ட அந்தக் குழந்தைகளின் நாள். முன்னோர்கள் கிறிஸ்துமஸை ஒட்டியே மரண நாட்களை வைத்தார்கள், தள்ளி வைக்கவில்லை.

உடலே கிடைக்கவில்லை. அடக்கம் இல்லாமல் எப்படி நம்புவது?

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கத்து வீடுகளில் அந்த வருஷக் கிறிஸ்துமஸ் வந்தபோது, போனவர் வருவாரா மாட்டாரா என்றே தெரியாமல் வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் உண்டு. அழவும் முடியாது, அழாமல் இருக்கவும் முடியாது. அழுதால் அவரை நாமே கொன்றுவிட்ட மாதிரி இருக்கும் என்று அப்படிப்பட்ட ஒரு தாய் என்னிடம் சொன்னார். காணாமல் போனவரைப் பற்றி ஏழு வருஷம் தகவல் இல்லாவிட்டால் இறந்தவராகக் கருதலாம் என்பது பொதுவான சட்டம். மனதுக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது.

உடல் இல்லாமலும் நினைவு ஆராதனை நடத்தலாம். போட்டோவை வைத்து, பெயரைச் சொல்லி, கர்த்தரின் கையில் ஒப்புக்கொடுக்கலாம். அவர் திரும்பி வந்தால் அந்த ஜெபம் வீணாகப்போவதில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தில் "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது" என்று ஒரு வரி இருக்கிறது. நியாயத்தீர்ப்பைப் பற்றிய பகுதிதான். ஆனால் கடலோரத்தில் அந்த வரியை வாசித்தால் அது வேறு மாதிரிக் கேட்கும். கடல் யாரையும் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது, திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

என் மகன் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டான். அவனுக்கும் இந்த நம்பிக்கை உண்டா?

உண்டு என்று நம்பி ஜெபிக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அவனுடைய கடைசி நிமிஷத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, கடவுளுக்குத் தெரியும். இதில் மிகக் கண்டிப்பாக இருந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே, 1992-இல் வெளியானது, இப்படி இறந்தவர்களின் நித்திய மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது என்று சொல்கிறது. கடும் மனவேதனை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும் அதில் இருக்கிறது. மரணமானாலும் ஜீவனானாலும் கிறிஸ்துவின் அன்பை விட்டு நம்மைப் பிரிக்க மாட்டாது என்று பவுல் எழுதினபோது, மரணங்களில் ஒரு வகையை மட்டும் அவர் விலக்கி வைக்கவில்லை.

அவன் பெயரைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். குடும்ப ஜெபத்தில் அவன் பெயரையும் சொல்லுங்கள்.

துஷ்டி வீட்டுக்கு டிசம்பரில் போகிறவர்கள் என்ன சொல்ல வேண்டும்?

ரொம்பக் கொஞ்சம். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இராப்பகலாய் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான், வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. "தேவசித்தம்" என்ற வார்த்தையைத் துஷ்டி வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள். "ஹேப்பி கிறிஸ்துமஸ்" வேண்டாம். "உங்களைப் பார்க்க வந்தோம்" போதும். இறந்தவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லுங்கள். அவரோடு படித்த ஒருவர் வந்து, வாலிபர் கூட்டத்தில் என் கணவர் சுருதி விலகிப் பாடி எல்லாரையும் சிரிக்க வைத்த கதையைச் சொன்னார். எனக்குத் தெரியாத கதை. போனவரைப் பற்றிப் புதிதாக ஒன்று கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

பலகாரம் கொண்டுபோனால் பாத்திரத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். ஜனவரியிலும் ஒரு தடவை போங்கள், அப்போதுதான் யாரும் வர மாட்டார்கள்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் எப்படி நடந்துகொள்வது?

பொய் சொல்லாதீர்கள். "அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்" என்றால், கிறிஸ்துமஸுக்காவது வருவாள் என்று அந்தப் பிள்ளை காத்திருக்கும். "இறந்துவிட்டாள், இயேசுவிடம் இருக்கிறாள், எனக்கும் அழுகை வருகிறது" என்று சொல்லலாம். "இயேசு எடுத்துக்கொண்டார்" என்று மட்டும் சொல்லாதீர்கள், குடிலில் இருக்கும் குழந்தையைப் பார்த்தே பயந்துவிடும். அம்மா சுட்ட அச்சப்பத்தை இந்த வருஷம் பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களே சுட்டுப் பாருங்கள். கருகிப்போனாலும் தின்னலாம். பிள்ளைகள் நடுவில் சிரித்து விளையாடினால் தடுக்காதீர்கள். துக்கத்தில் அவர்கள் மழைக்குட்டையில் இறங்கி ஏறுகிற மாதிரிதான்.

எத்தனை நாள் இப்படி இருக்கும்? டாக்டரிடம் போவது அவிசுவாசமா?

நாள் கணக்குச் சொல்ல முடியாது. எனக்கு முதல் வருஷத்தைவிட இரண்டாவது கிறிஸ்துமஸ் கனமாக இருந்தது. முதல் வருஷம் எல்லாரும் இருந்தார்கள், இரண்டாவது வருஷம் எல்லாரும் மறந்திருந்தார்கள். டாக்டரிடம் போவதில் அவிசுவாசம் எதுவும் இல்லை. லூக்காவே வைத்தியர். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, நானும் போய்ச் சேர்ந்தால் தேவலை என்று எண்ணம் வருகிறது என்றால் ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அந்த எண்ணம் இப்போதே இருக்கிறது என்றால் இப்போதே கூப்பிடுங்கள். பக்கத்தில் இருக்கிற ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

25-ஐ எப்படியோ கடந்துவிட்டேன். 31-ஆம் தேதி ராத்திரியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. பழைய வருஷம் எவ்வளவு கொடியதாக இருந்தாலும் அவர் உயிரோடு இருந்த வருஷம். பன்னிரண்டு மணி அடித்தால், அவர் காலடி படாத முதல் வருஷத்துக்குள் நீங்கள் மட்டும் போகிறீர்கள். மணி அடிப்பது துரோகம் போலக் கேட்கும்.

சில சபைகளில் அன்றைய ராத்திரி ஆராதனையில் அந்த வருஷம் நித்திரையடைந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். உங்கள் சபையில் வழக்கம் இல்லாவிட்டால் போதகரிடம் கேளுங்கள். ஒரு தாளில் பெயரை எழுதிக் கொடுங்கள். 2016 டிசம்பர் 31 அன்று எங்கள் சபையில் பதினோரு பெயர் வாசித்தார்கள். என் கணவர் பெயர் ஒன்பதாவது. பெயர் வாசிக்கும்போது குடும்பத்தார் எழுந்து நிற்க வேண்டும். என் மாமியாருக்கு முழங்கால் வலி, நானும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து எழுப்பினோம். பத்தாவது பெயர் வாசித்தபோதும் அவர்கள் உட்காரவில்லை. பதினொன்றும் முடிகிறவரை நின்றார்கள். பிறகு, புது வருஷத்துக்கென்று ஒரு வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுக்க வரிசையில் போனோம். எனக்கு வந்த வசனத்தை வேதாகமத்தில் எரேமியா 31 பக்கத்தில் வைத்திருக்கிறேன்.